பள்ளிப் பண்பாட்டு நாளுக்கு என்ன உடுத்துவது? செட்டிநாட்டுப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

பொங்கல் விடுமுறைக்கு முன்னால் நம் பகுதிப் பள்ளிகள் பலவற்றில் பண்பாட்டு உடை நாள் வைக்கிறார்கள். காரைக்குடியில் 28 ஆண்டுகள் தையல் ஆசிரியையாக இருந்தவள் என்பதால், அந்த வாரங்களில் பெற்றோர் பலர் என்னிடம் கேட்பதுண்டு. இந்த ஆண்டு வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு தாய்: ஆச்சி, என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கண்டாங்கிச் சேலை கட்டச் சொல்லியிருக்கிறார்கள். புதிதாக ஒன்று வாங்கலாமா, அவளுடைய அப்பத்தாவின் பழைய சேலையே போதுமா?

பழைய சேலையே நல்லது. செலவை மட்டும் எண்ணி இதைச் சொல்லவில்லை. புதுக் கண்டாங்கி கஞ்சி ஏறிய கனத்த பருத்தி. மெலிந்த பெண்ணின் இடுப்பில் கொசுவம் மூட்டை போலத் திரண்டு நிற்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவிக்கு அப்படி ஒரு புதுச் சேலையைக் கட்டி அனுப்பினேன். மதிய உணவு நேரத்திற்குள் கொசுவம் முழுவதும் நழுவிவிட்டது. அந்தப் பெண் மீதிப் பொழுதை வகுப்பறையிலேயே உட்கார்ந்து கழித்தாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதன்பின் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல முறை துவைத்து மென்மையான சேலையைத் தவிர வேறு எதையும் நான் கட்டியதில்லை.

அந்த அப்பத்தாவின் சேலை அகலம் குறைவாக இருந்து, கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டால் கவலைப்பட வேண்டாம். அந்தக் காலத்துக் கண்டாங்கியை அப்படித்தான் உடுத்தினார்கள். வீட்டு வேலையோடும் வெயிலோடும் பொருந்திய உடை அது. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு ஆகிய நிறங்களில் பெரிய கட்டமும் கோடும் உடலில் ஓட, அதற்கு மாறான நிறத்தில் அகலக் கரை அமைந்திருந்தால் அதுவே போதுமான அடையாளம். மேலே சரிகை வைத்த ரவிக்கை வேண்டாம். முழங்கை வரை கை வைத்த ஒற்றை நிறப் பருத்தி ரவிக்கைதான் கட்டத்தை எடுத்துக் காட்டும்.

வாங்கியே தீர வேண்டும் என்றால், காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பதை நினைவில் வைத்து, கைத்தறி முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே உப்பு நீரில் ஊறவைத்துத் தனியாக இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள். அரக்குச் சாயம் முதல் அலசலில் இறங்கும். வியர்வை பட்டால் உள்பாவாடையிலும் ஒட்டும்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு அத்தை: பின்கொசுவம் வைத்துக் கட்டுவதுதான் முறை என்கிறார்கள். பதினான்கு வயதுப் பெண்ணால் அதைத் தாங்கிக்கொண்டு ஒரு நாள் முழுவதும் இருக்க முடியுமா?

முடியும். முன்கொசுவத்தைவிட அதுவே நடக்க எளிது, ஏனெனில் காலடியில் மிதிபடும் மடிப்பு முன்னால் இல்லை. முந்தியை விட்டுவிட்டுச் சேலையின் மறுமுனையில் கொசுவத்தை மடித்துப் பின்னிடுப்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு, மீதிச் சேலையை அதன் மேல் இறுக்கிச் சுற்றினால், கொசுவத்தின் தலை இடுப்புக்கு மேலே விசிறி போல விரிந்து நிற்கும். மடிப்பு ஒவ்வொன்றும் விரல் நீளத்திற்கு ஒரே அளவாக இருக்க வேண்டும். விசிறியின் அழகு அதில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஆயாவோ அப்பத்தாவோ இருந்தால் அவரை அழைத்துக் கட்டச் சொல்லுங்கள். என் பாட்டி எனக்குக் கட்டியபோது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை "மூச்சை இழுத்து விடு" என்பார். மூச்சு விடும்போது வலித்தால் கட்டு அதிக இறுக்கம் என்று பொருள். கைபேசியில் படம் பார்த்துக் கட்டினால் அந்த அளவு தெரியாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பின்கொசுவத்தோடு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் விசிறி நசுங்கும்; பெஞ்சின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரண்டு மணி நேரம் கட்டிக்கொண்டு சாப்பிடவும், மாடிப்படி ஏறவும், கழிப்பறைக்குப் போய்வரவும் செய்யட்டும். இந்த ஒத்திகையைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

காரைக்குடியிலிருந்து ஒரு தந்தை: என் மகளுக்குப் பதினைந்து வயது. சேலையும் வேண்டாம், பாவாடை தாவணியும் வேண்டாம் என்று அழுகிறாள். வற்புறுத்தினால்தான் பழக்கம் வரும் என்கிறார் என் தாயார். என்ன செய்வது?

ஐயா, வற்புறுத்த வேண்டாம். அந்த வயதில் உடல் மாறிக்கொண்டிருக்கும். இடுப்பு தெரிகிறதா, முதுகு தெரிகிறதா, நண்பர்கள் சிரிப்பார்களா என்ற கூச்சம் பெரியவர்களுக்குச் சிறிதாகத் தோன்றும், அவளுக்கு அப்படியில்லை. முதலில் எதற்காக மறுக்கிறாள் என்று அவளுடைய தாயைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். ரவிக்கையின் கழுத்து இறக்கம்தான் காரணம் என்றால் கழுத்து மூடிய, நீளமான ரவிக்கை தைத்தாலே போதும். நான் பார்த்த பாதிப் பிள்ளைகள் அதற்குப்பின் சம்மதித்துவிட்டார்கள். மாதவிடாய் நாளாக இருக்கலாம் என்ற அச்சமும் உண்டு. அதற்கு அரக்கு அல்லது கறுப்புச் சேலை ஆறுதல் தரும்.

அப்போதும் வேண்டாம் என்றால், கண்டாங்கித் துணியில் முழங்கால் வரை நீண்ட மேல்சட்டை தைத்து, வழக்கமான காற்சட்டையோடு அணியட்டும். கரையைச் சட்டையின் கீழ் விளிம்பில் வைத்துத் தையுங்கள். ஆனால் அதற்காக நல்ல பழஞ்சேலை எதையும் வெட்டிவிட வேண்டாம்; கிழிந்து பயன்படாத சேலை ஏதாவது கட்டாயம் இருக்கும். உங்கள் தாயாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: அழுதுகொண்டே கட்டிய சேலையை அந்தப் பெண் பிறகு ஒருநாளும் விரும்பிக் கட்டமாட்டாள்.

தேவகோட்டையிலிருந்து ஒரு தாய்: நகரத்தார் மணப்பெண்ணாக மகளை அலங்கரிக்க ஆசை. எங்கள் வீட்டுக் கழுத்திருவை அணிவிக்கலாமா?

கூடாது என்றே சொல்வேன். மஞ்சள் தோய்த்த 21 இழைக் கயிற்றில் கோக்கும் அந்தத் திருமண அணி, நகை என்பதைக் காட்டிலும் தாலிக்குரிய மதிப்புடையது. பள்ளி மேடையில் வேடத்திற்காக அணியும் பொருளன்று. களவு போகுமோ, தொலைந்துவிடுமோ என்ற அச்சம் வேறு. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்ணை மணக்கோலத்தில் நிறுத்துவதும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒற்றை வடச் சங்கிலி, சிறு ஜிமிக்கி, தலை நிறையக் கனகாம்பரம் அல்லது மல்லிகை, கையில் ஒரு பனையோலைக் கொட்டான் ஆகியவை போதும். கொட்டானில் கொஞ்சம் சீப்புச் சீடை, மனகோலம் போன்ற பலகாரம் வைத்துக் கொடுத்தால் வகுப்பில் அதுவே அன்றைய பேச்சாகிவிடும்.

கோட்டையூரிலிருந்து ஒரு தாய்: பையனுக்குப் பதின்மூன்று வயது. எட்டு முழ வேட்டியா, நான்கு முழமா? அவிழ்ந்துவிடும் என்று பயப்படுகிறான்.

நான்கு முழம். உள்ளே அரைக்கால் சட்டையும் மேலே இடுப்புப் பட்டையும் இருந்தால் பயம் போய்விடும். ஒட்டு வேட்டி தவறில்லை. ஆனால் தாத்தாவோ மாமாவோ இருந்தால் கட்டக் கற்றுக்கொள்ள இது நல்ல வாய்ப்பு. மடித்துக் கட்டவும், பெரியவர்கள் எதிரே வந்தால் இறக்கிவிடவும் அவர்களே சொல்லித் தருவார்கள். மேலே வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டும் போதும்.

கண்டனூரிலிருந்து ஒரு சிறிய தாயார்: எங்கள் கொள்ளுத்தாத்தா பர்மாவில் கடை வைத்திருந்தவர். ஆயாவின் பெட்டியில் பர்மியப் பட்டு லுங்கி ஒன்று இருக்கிறது. அக்காள் மகள் அதை உடுத்த விரும்புகிறாள். பொருத்தமாக இருக்குமா?

மிகவும் பொருத்தம். வட்டிக்கடை நடத்த இரங்கூனுக்கும் கீழ்ப் பர்மாவுக்கும் போன குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். வீடுகளின் தேக்குத் தூண்கள் வந்த வழியில்தான் இந்தத் துணியும் வந்தது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது அங்கிருந்து நடந்தே வெளியேறியவர்களும் உண்டு. அந்தக் கதையை இரண்டு வரியில் எழுதி அவளிடம் கொடுத்து அனுப்புங்கள். பெண்கள் உடுத்தும் லுங்கியை அங்கே தமெயின் என்பார்கள். இடுப்பில் கறுப்புத் துணிப் பட்டை வைத்துத் தைத்திருக்கும். பெண்கள் அதை ஒரு பக்கமாக மடித்துச் செருகுவார்கள், முன்னால் முடிச்சுப் போடுவது ஆண்கள் வழக்கம். துணி பழையதானால் மடிப்புகளில் இற்றுப் போயிருக்கும். உள்ளே பருத்திப் பாவாடை கட்டி, அதன் மேல் தளர்வாக உடுத்துங்கள்.

காரைக்குடியிலிருந்து ஒரு மாணவி: என் தோழியின் பெற்றோர் அசாமிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். தன் மேகலா சாதரை எனக்குத் தருவதாகச் சொல்கிறாள். நான் உடுத்தினால் தவறாகுமா, ஆச்சி?

அவளே அன்போடு தருகிறாள், அவளுடைய தாயே உடுத்திவிடப் போகிறார் என்றால் எந்தத் தவறும் இல்லை, கண்ணு. அது நம் சேலை போல ஒரே துணியன்று. இடுப்பில் சுற்றுவது மேகலா, மேலே போர்த்துவது சாதர். இரண்டின் பெயரையும் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டு போ. பதிலுக்கு உங்கள் வீட்டுக் கண்டாங்கியை அவளுக்குக் கட்டிவிட முடியுமா என்று அம்மாவிடம் கேள்.

பெயர் கூறாத ஒரு தந்தை: இலை ஆடையும் கரி பூசிய முகமுமாகப் "பழங்குடி வேடம்" போட மகன் கேட்கிறான். எளிதாகவும் இருக்கும்.

வேண்டாம். நம் நாட்டுப் பழங்குடியினரில் மிகப் பெரும்பாலோர் இன்று அப்படி உடுத்துவதில்லை. அவர்கள் பிள்ளைகளும் பள்ளியில் படிக்கிறார்கள். பக்கத்து வகுப்பிலேயே இருக்கலாம். தோலின் நிறத்தை வேடமாக்குவது அவர்களை அவமதிப்பதாகும்.

புதுவயலிலிருந்து ஒரு தாய்: நாங்கள் இஸ்லாமியக் குடும்பம். செட்டிநாட்டு உடை என்றால் எங்களுக்கு என்ன இருக்கிறது?

செட்டிநாடு உங்களுடையதும்தான். உங்கள் வீட்டு மூத்தவர்கள் போர்த்திய வெள்ளைத் துப்பட்டியைப் பற்றி மகளிடம் சொல்லுங்கள். விரும்பினால் அதையே அணியட்டும். இல்லையென்றால் முழுக்கை ரவிக்கையோடு கண்டாங்கி கட்டி, முந்தியைத் தலைக்கு எடுத்துப் போர்த்தினால் மிக அழகாக இருக்கும்.

பள்ளத்தூர்த் தாய் மீண்டும்: அப்பத்தாவின் சேலையைத் திருப்பித் தரும்போது எப்படித் தர வேண்டும்?

அன்று மாலையே ஊக்குகள் எல்லாவற்றையும் கழற்றி எண்ணிப் பாருங்கள். என்னுடைய ஒரு சேலையில் மறந்துபோன ஊக்கு துருப்பிடித்து விட்ட கறை இன்னும் போகவில்லை. பூ வைத்த இடத்திலும் கழுத்தோரத்திலும் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். குளிர்ந்த நீரில் அலசி, உட்புறம் வெளியே தெரியும்படி நிழலில் உலர்த்தி, பழைய மடிப்பு விழுந்த கோட்டில் மடிக்காமல் வேறிடத்தில் மடித்துக் கொடுங்கள்.