நடராஜரைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

காட்பாடியில் நீங்கள் நடத்தும் ஓவிய வகுப்பில், நடராஜர் தத்துவத்தைச் சொன்னதும் எட்டு வயதுப் பிள்ளைகள் நெளிகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தத்துவம் பிறகு வரட்டும், உடம்பிலிருந்து தொடங்குங்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காடு நடராஜர் வெண்கலச் சிலையின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சிலையைச் சுற்றி நிற்கும் சுடர் வளையமான திருவாசி இல்லை, விரிந்து பறக்கும் சடையும் இல்லை. உடலின் வளைவு அப்படியே தெரியும். வலது காலில் நின்று இடது காலைக் குறுக்கே தூக்கச் சொல்லுங்கள். தடுமாறுவார்கள். எடை எங்கே இறங்குகிறது என்று கேட்டுவிட்டு, அப்புறம் வரையச் சொல்லுங்கள்.

முடிந்தால் வேலூர்க் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களையும் காட்டுங்கள். அது கல்லைச் செதுக்கியது. நடராஜரோ முதலில் மெழுகில் உருவானவர். மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். கல்லில் எளிதில் ஒடிந்துவிடும் மெல்லிய கையும் காலும் வெண்கலத்தில் தாங்கி நிற்கும். ஆளுக்கொரு துண்டு மெழுகு கொடுங்கள், தூக்கிய கால் மட்டும் போதும்.