காது வந்திருக்குது

அன்புள்ள ஐயா,

நான் சோமனூர் பக்கம் பன்னிரண்டு தறி வைத்து ஓட்டுகிறேன். வயது 48. மகள் பள்ளியில் படிக்கும்போது வாங்கிக்கொடுத்த புல்லாங்குழல் நான்கு வருடமாக பீரோ மேல் கிடந்தது. அவள் பாதியில் விட்டுவிட்டாள். போன வருடம் தை மாதம் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு நானே வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுக்கும் சாருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். கூடப் படிப்பவர்கள் ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகள்.

முதல் மூன்று வாரம் வெறும் காற்றுதான் வந்தது. தலை சுற்றியது. அப்புறம் ஒரு நாள் 'ச' நின்றது. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பயிற்சிகளை முடித்து இப்போது கீதம் என்ற சின்னப் பாட்டுகளுக்கு வந்திருக்கிறேன்.

இரண்டு மூன்று மாதமாக என் வாசிப்பு மோசமாகிக்கொண்டே போகிறது. முன்பெல்லாம் வாசித்தால் எனக்கே சந்தோஷமாக இருக்கும். இப்போது செல்போனில் பதிந்து கேட்டால் காது கூசுகிறது. ரிஷபம், அதாவது 'ரி', ஒரு நாளும் நிற்பதில்லை. சமையலறையில் இருந்தே மகள் "அப்பா, ரி ஏறுது" என்கிறாள். மேடை ஏறும் ஆசை எனக்கில்லை. மனதுக்கு ஒரு வளர்ச்சி என்றுதான் சேர்ந்தேன். இந்த வயதுக்கு மேல் கை வளையாதோ? மாதாமாதம் கட்டும் பணத்தை நிறுத்திவிடலாமா? நாற்பதுக்கு மேல் உடுக்கை கற்றதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)
சோமனூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

"மோசமாகிக்கொண்டே போகிறது" என்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். பதினான்கு வருடத்துக்கு முன்னால் இதையே நானும் ஒருவரிடம் சொன்னேன்.

காங்கயம் பக்கத்தில் அண்ணன்மார் கதை, அதாவது பொன்னர் சங்கர் கதை பாடும் பெரியவர் ஒருவரிடம்தான் உடுக்கை கற்றேன். பகலில் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மாடு பார்ப்பார். பொழுது சாய்ந்தால் திண்ணைக்கு வருவார். இரண்டு மாதம் எனக்கு ஒரே அடிதான். உடுக்கையை நீங்கள் கோயில் நோம்பியில் பக்கத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். இரண்டு முகத்துத் தோலையும் இழுத்துப் பிடிக்கும் கயிறு அதன் இடுப்பு வழியாக ஓடும். இடது கை அந்தக் கயிற்றை அழுத்தினால் நாதம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். வலது கை விரலும் இடது கைப் பிடியும் ஒன்றுசேரும்போதுதான் அந்த விம்மல் பிறக்கும். படுகளத்தில், அதாவது கதையின் போர்க்களச் சாவைக் கோயிலில் நடித்துக் காட்டும்போது, ஆட்களை மயக்கிச் சாய்க்கிற விம்மல். நான்காவது மாதமே எனக்கு அது வந்துவிட்டது என்று நம்பினேன். ஆறாவது மாதம் அடித்ததெல்லாம் தகர டப்பா மாதிரி கேட்டது. "கை போயிருச்சுங்க" என்றேன். பெரியவர் என் கையைப் பார்க்கவே இல்லை. வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கை எங்கயும் போகலை கண்ணு. இப்பத்தான் காது வந்திருக்குது."

உங்களுக்கும் நடந்திருப்பது இதுதான். தப்பு முன்பும் இருந்தது. அதைக் கேட்கிற காது இல்லாததால் சந்தோஷமாக இருந்தீர்கள். இப்போது காது முந்திக்கொண்டது, விரலும் மூச்சும் பின்னால் வந்துகொண்டிருக்கின்றன. சந்தேகம் இருந்தால் ஆறு மாதத்துக்கு முந்தைய பதிவு ஏதாவது செல்போனில் இருக்கிறதா என்று தேடிப் போட்டுக் கேளுங்கள். அன்றைக்கு நன்றாக வந்தது என்று நினைத்ததில் எத்தனை சறுக்கல் என்று இன்று உங்களுக்கே கேட்கும்.

குழலில் இது இன்னும் கடுமை. வீணையில் தந்தியை அழுத்துகிற மெட்டு இருக்கிறது, ஆர்மோனியத்தில் கட்டை இருக்கிறது. சுரத்துக்கு ஓர் இடம் அங்கே ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது. குழலில் விரல் சரியாக இருந்தாலும் ஊதுகிற வேகம் கூடினால் சுரம் ஏறிவிடும், குறைந்தால் தொங்கும். அதிலும் நீங்கள் சரளி வரிசை வாசிப்பது மாயாமாளவகௌளை ராகத்தில். மேளகர்த்தா என்ற தாய் ராகங்களில் 15-ஆவது. அதன் ரிஷபம் ஷட்ஜத்தை, அதாவது 'ச'-வை ஒட்டியே உட்கார்ந்திருக்கும் சுத்த ரிஷபம். அதற்குத் துளையை முழுதாக மூடவும் கூடாது, திறக்கவும் கூடாது. எவ்வளவு மூடுவது என்று எந்த வாத்தியாரும் அளந்து காட்ட முடியாது. விரல் கொஞ்சம் அசைய, காது 'இல்லை' என்க, மறுபடி கொஞ்சம் அசைய, அப்படித்தான் அந்த இடம் கிடைக்கும். உங்கள் ரி ஏறுகிறது என்றால் துளை அதிகம் திறந்திருக்கலாம், அல்லது பயத்தில் ஓங்கி ஊதுகிறீர்கள். தினமும் பத்து நிமிடம் தம்புரா சுருதியைப் போட்டுக்கொண்டு ச-வும் ரி-யும் மட்டும் நீளமாக, மெதுவாக ஊதுங்கள். கீதம் அதன் பிறகு. பதிவு செய்து கேட்பதை மாதத்துக்கு ஒரு தடவை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கேட்டால் மனசு தாங்காது.

இந்த வயதில் காது பழகுமா என்று கேட்பீர்கள். ஏனுங்க, பன்னிரண்டு தறியும் ஓடும்போது அடுத்தவர் பேசுவதே கேட்காது. அந்த இரைச்சலுக்குள் ஒரு தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா கொஞ்சம் மாறி அடித்தால் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே எந்தத் தறி என்று சொல்லும் தறிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் சொல்வீர்கள். அதை யாரும் உங்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. வருடக்கணக்காக அங்கேயே இருந்ததால் வந்தது. அதே காதுதான் குழலுக்கும்.

உங்கள் ஊரிலிருந்து பல்லடம் கூப்பிடு தூரம். அந்த ஊர்ப் பெயரைச் சுமந்த பல்லடம் சஞ்சீவ ராவ் குழலுக்காகவே 1943-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். அவருடைய குரு கும்பகோணம் சரப சாஸ்திரிக்குக் கண்பார்வை கிடையாது. குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிமிர்த்தி வைத்தவர் அவர் என்பார்கள். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். துளை எங்கே, விரல் எங்கே என்று ஒரு தடவைகூட அவர் குனிந்து பார்த்திருக்க முடியாது. எல்லாமே காது காட்டிய வழி.

சரி, மனதின் வளர்ச்சி என்று கேட்டீர்கள். பெரிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உடுக்கை கற்ற மூன்றாம் வருடம் என் அண்ணனுக்கும் எனக்கும் வாய்க்கால் தண்ணீர் விஷயமாகப் பேச்சு முற்றியது. களத்துமேட்டில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று என் குரல் ஏறிக்கொண்டே போவது எனக்கே கேட்டது. அதற்கு முன் நாற்பது வருடம் நான் கத்தியது அடுத்தவர்களுக்குத்தான் கேட்டிருக்கிறது. கயிற்றைத் தளர்த்துவது போலக் குரலை இறக்கினேன். அண்ணனும் இறங்கினார். பங்கு அன்றைக்கு முடிவாகவில்லை, ஆனால் சேர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தோம். உடுக்கையைத் தொடாமல் இருந்திருந்தால் அந்தக் காது எனக்கு வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

உங்களுக்கு எது, எப்போது என்று நான் சொல்ல முடியாது. தறிக்கூடத்திலா, வீட்டிலா, தெரியாது.

இன்னொன்று. சமையலறையில் இருந்தே ரி ஏறுகிறது என்று கண்டுபிடிக்கிற பெண் குழலை விட்டுவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்குக் காது இருக்கிறது. நாளைக் காலை அந்தப் பத்து நிமிடம் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள். வாசிக்கச் சொல்ல வேண்டாம். ஏறினால் ஏறுது, இறங்கினால் இறங்குது என்று சொன்னால் போதும்.

இந்த மாதப் பணத்தையும் கட்டிவிடுங்கள்.

அன்புடன்.