ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்ச்

வணக்கம் சார். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பட்டப்பெயர் சொல்லிக் கத்துகிறார்கள். போன வாரம் ஒருவன் நான் பாடம் நடத்துவதை செல்போனில் எடுத்து, பாட்டு சேர்த்துப் பரப்பிவிட்டான். கண்டித்தால் "1098-க்குப் போன் பண்ணுவோம் மிஸ்" என்று குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவன் அப்பாவைக் கூப்பிட்டேன், அவர் என்னிடமே சண்டைக்கு வந்தார். நான் படித்த காலத்தில் வாத்தியார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்குவோம். அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தபிறகுதான் மரியாதை போய்விட்டது என்று நினைக்கிறேன். சரிதானா?

ஓர் ஆசிரியை, மயிலாடுதுறை மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

பட்டப்பெயரை விட்டுத்தள்ளுங்கள். பட்டப்பெயர் இல்லாத வாத்தியார் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சைக்கிளை விட்டு இறங்கிய நாமும் அவர் தெருமுனை தாண்டியதும் அதைத்தான் சொன்னோம். வீடியோ வேறு விஷயம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தமிழ்நாட்டில் கல்வி விதிகளைத் திருத்தி 2003-லேயே அடியை நிறுத்திவிட்டார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், மனத்தை நோகடிப்பதையும் சேர்த்துத் தடுத்தது. அதற்கு முன்னால் "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பெற்றோரே ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். திண்ணைப் பள்ளியில் கோதண்டம் என்று பையனைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். அந்தப் பயத்தில் பள்ளிக்கூடத்தை விட்டே ஓடியவர்களை நம் சைக்கிள் கதையில் நாம் சேர்ப்பதில்லை. 1098 என்று சிரித்துக்கொண்டே சொல்பவனுக்கு அந்த எண் தேவைப்படாது. தேவைப்படும் பிள்ளை வாயே திறக்காது. நீங்களே அதைப் பலகையின் ஓரத்தில் எழுதிப் போட்டுவிடுங்கள், கேலி தானாக அடங்கும்.

நன்னூல் என்ற பழைய இலக்கண நூலின் பாயிரத்தில், அதாவது முன்னுரையில், அதை எழுதிய பவணந்தியார் மாணவனுக்கு வருவதற்கு முன்பே ஆசிரியரைப் பேசிவிடுகிறார். யார் ஆசிரியர் ஆக முடியாது என்றும் ஒரு பட்டியல் போடுகிறார். அதில் ஒன்று முடத்தெங்கு: ஒருவர் தண்ணீர் ஊற்ற, வளைந்துபோய் அடுத்தவர் தோட்டத்தில் காய் போடும் தென்னை. டியூஷனுக்கு வரும் பிள்ளைக்கு மட்டும் முக்கியக் கணக்கைச் சொல்லித்தருகிறவரை இதைவிடப் பொருத்தமாகத் திட்ட முடியாது. (உங்களைச் சொல்லவில்லை!) நல்லாசிரியருக்கு வேண்டியவற்றில் நிறைகோலைச் சொல்கிறார், அதாவது தராசு. கண்டிப்பைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். ஒரே தப்புக்கு முதல் ரேங்க் பெண்ணிடம் ஒரு சிரிப்பு, கடைசி பெஞ்சுக்காரன் மட்டும் வெளியே நிற்க வேண்டும் என்றால் அதைத் தாங்க மாட்டார்கள்.

ஏன் குறிப்பாக ஒன்பதாம் வகுப்பு? எட்டு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. வகுத்தல் தெரியாமலே ஒன்பதுக்கு வந்துவிடும் பையன்கள் உண்டு என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். அவனுக்கு நீங்கள் பல்லுறுப்புக் கோவை நடத்துகிறீர்கள். முக்கால் மணி நேரம் அவன் என்னதான் செய்வான்? தெரியாதவன் என்று மாட்டிக்கொள்வதைவிட ரவுடி என்று பேர் வாங்குவது அவனுக்குக் கௌரவம். நிறுத்திவைத்தாலும் பயனில்லை, வேலைக்குப் போய்விடுவான். மதிய இடைவேளையில் அப்படிப்பட்ட இரண்டு மூன்று பேரை, மற்றவர்கள் கண்ணில் படாமல் உட்கார வைத்து, நாலாம் வகுப்புக் கணக்கிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். கூடுதல் வேலைதான். ஆனாலும் அடிப்பதைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அந்த அப்பாவின் கோபத்துக்கும் ஒரு பின்கதை உண்டு. 2019 ஜனவரியில் பழைய பென்ஷன் திட்டத்தைக் கேட்டு ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது டீக்கடையில் அந்தப் பென்ஷனைப் பற்றி யாரும் பேசவில்லை. சம்பளத்தைப் பற்றித்தான் பேச்சு. "இவ்வளவு வாங்கிட்டு என்ன பண்றாங்க?" என்பதை வீட்டில் கேட்டு வளரும் பிள்ளை வகுப்பிலும் உங்களை அதே கண்ணோடு பார்க்கிறது.

சரி, வீடியோ. இதைத் தனியாளாகச் சுமக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். முதலில் அதை அழிக்க வைக்க வேண்டும். அப்புறம், செல்போன் விஷயத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள், பையன் பெயரைச் சொல்லாமல். அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். உங்களிடம் கத்திய மாதிரி அத்தனை அம்மாக்களிடமும் அவரால் கத்த முடியாது.