வீட்டில் விண்டோஸ், பள்ளியில் லினக்ஸ்: கோப்புகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை): எங்கள் பள்ளியில், கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தந்த லினக்ஸ், வீட்டில் விண்டோஸ். தமிழில் பெயரிட்ட கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் பள்ளிக் கணினியில் நகலெடுத்தால், சிலவற்றை மட்டும் பெயர் மிக நீளம் என்று ஏற்க மறுக்கிறது. இனி ஆங்கிலத்தில்தான் பெயரிட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, டீச்சர். தமிழிலேயே பெயரிடுங்கள், நீளத்தை மட்டும் குறையுங்கள். விண்டோஸ் கோப்புகளை வட்டில் சேமிக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் ஒரு பெயருக்கு 255 குறியீடுகள் வரை இடமுண்டு. லினக்ஸ் பெரும்பாலும் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 முறையிலோ 255 பைட்டுகளுக்குத்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் தேவை. உயிர்க்குறிகளும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறியீடுகளே. உங்கள் ஊர்ப் பெயரையே பாருங்கள்: 'கொழிஞ்சாம்பாறை' நம் கண்ணுக்கு 7 எழுத்து, கணினிக்கு 14 குறியீடுகள், ஆக 42 பைட். அதை இடைவெளியின்றி ஆறு முறை எழுதினால் 252 பைட் ஆகிவிடும். அதன்பின் புள்ளியோடு மூன்றெழுத்துக் கோப்பு வகையைச் சேர்க்கவும் இடமிராது.

இந்த வரம்பு ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே பொருந்துவது என்பதால், ஆண்டு, வகுப்பு, பாடம் ஆகியவற்றைக் கோப்புறைப் பெயர்களாகப் பிரித்துவிட்டு, கோப்புக்குச் சுருக்கமான பெயர் வைப்பதே நல்ல வழி. ஆனால் கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கிக்கொண்டே போகவும் கூடாது. விண்டோஸில் கோப்புறைப் பெயர்களும் கோப்புப் பெயரும் சேர்ந்த முழுப் பாதை 260 குறியீடுகளைத் தாண்டினால் பல செயலிகள் தடுமாறும். பள்ளியில் பெயரிடும்போது கேள்விக்குறியையும் தவிருங்கள். லினக்ஸ் அதை அனுமதிக்கும், விண்டோஸ் அனுமதிக்காது.

கேள்வி (கல்லூரி மாணவர், வேலந்தாவளம்): மடிக்கணினியில் விண்டோஸ், உபுண்டு என்ற லினக்ஸ் இரண்டும் வைத்திருக்கிறேன். உபுண்டுவில் விண்டோஸ் பகுதியைத் திறந்தால் படிக்க முடிகிறது, எதையும் சேமிக்க முடியவில்லை.

பதில்: பெரும்பாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதிதான் காரணம். விண்டோஸ் 8 முதல் உள்ள இந்த வசதி இயங்கும்போது, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. தன் நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது. அந்த நிலையில் வேறொரு அமைப்பு அங்கே எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும் என்பதால், லினக்ஸ் எழுத மறுப்பது உங்கள் நன்மைக்கே. கட்டாயப்படுத்தி எழுத வைக்கும் கட்டளைகளை யார் சொன்னாலும் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குள் போய், பவர் பொத்தான்களுக்கான அமைப்பில் அந்த வசதியை நீக்கிவிடுங்கள். அவசரத்துக்கு, ஷட் டவுனுக்குப் பதிலாக ரீஸ்டார்ட் கொடுத்து உபுண்டுவுக்குள் போனாலே போதும், அப்போது விண்டோஸ் முழுமையாக அணைந்திருக்கும்.

கேள்வி (மீனாட்சிபுரம்): 32 ஜிபி பென் டிரைவ் காலியாக இருந்தும் 6 ஜிபி திருமண வீடியோ ஏறவில்லை.

பதில்: அது ஃபேட்32 முறையில் இருக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. உள்ளே ஏதாவது இருந்தால் அதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். பழைய டிவி சில அதைப் படிக்காமல் போகலாம்.

கேள்வி (முதலில் கேட்ட ஆசிரியையே): பள்ளியில் பென் டிரைவிலிருந்து பலவற்றை அழித்தும் இடம் கூடவில்லையே?

பதில்: உபுண்டு போன்ற லினக்ஸின் கோப்பு மேலாளர், அழித்தவற்றைப் பென் டிரைவிலேயே, புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவுக் குப்பைக் கோப்புறையில் வைத்திருக்கும். கன்ட்ரோல், ஹெச் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ட்ராஷ்-1000 போன்ற பெயரில் அது தென்படும். பென் டிரைவைக் கழற்றுமுன் குப்பைத் தொட்டியைக் காலி செய்தால் இடம் திரும்பும். வீட்டு விண்டோஸில் நிலைமை நேர்மாறு: பென் டிரைவில் அழித்தவை வழக்கமாக ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை, நேராக நீங்கிவிடும். ஆகவே மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை அங்கே அழிக்குமுன், வேறொரு நகல் இருக்கிறதா என்று திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.