அவருக்குச் சொந்த ஊர், எனக்குப் புகுந்த வீடு

வணக்கம் மேடம்,

எனக்கு 38 வயது. வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அவர் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார், இப்போது முழுக்க வீட்டிலிருந்தே வேலை. நான் மந்தைவெளியில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். மகள் எட்டாம் வகுப்பு, சிபிஎஸ்இ. மகன் இரண்டாம் வகுப்பு.

அவருக்குச் சொந்த ஊர் செங்கோட்டைப் பக்கம். போன ஆடியில் மாமனார் தவறிவிட்டார். அத்தை மட்டும் அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். காரியம் முடிந்து சென்னைக்கு வந்த சில வாரத்திலேயே அவர், "நாம ஊரோட போயிருவோம்" என்று ஆரம்பித்தார். ஏதோ மனசு கேட்காமல் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். இப்போது பார்த்தால், ஏப்ரலில் போவது முடிவாகிவிட்ட மாதிரி பேசுகிறார். ஊரில் ஃபைபர் கனெக்‌ஷனுக்கு விசாரித்தாகிவிட்டது. மாடி அறைக்கு ஏசி போட ஆள் வந்து பார்த்துவிட்டும் போயாச்சு.

அவர் சொல்வதில் எதையும் தப்பு என்று சொல்ல முடியவில்லை, அதுதான் என் கஷ்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, பால் இல்லை, கீழ் வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு எங்கள் ஹாலில்தான் படுத்தார்கள். இப்போதெல்லாம் மழை எச்சரிக்கை வந்தாலே ஆளாளுக்குக் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிறார்கள். இவரும் நடுராத்திரியில் நிறுத்திவிட்டு நனைந்துகொண்டே நடந்து வருவார். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், வெயில் காலத்தில் தண்ணி லாரி. சின்னவனுக்கு வேறு வீசிங். ஊரில் சொந்த வீடு, கிணறு, கூப்பிடு தூரத்தில் குற்றாலம். யாரிடம் சொன்னாலும் "நீ கொடுத்து வெச்சவ" என்கிறார்கள். ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவே தென்காசிப் பக்கம் போய் உட்கார்ந்து கம்பெனி நடத்தவில்லையா என்று அவருடைய நண்பர்கள் ஏற்றிவிடுகிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ஆதம்பாக்கம். அம்மா இன்னும் அங்கேதான். நான் வேலையிலிருந்து வரும்வரை பையனுக்கு அம்மாதான் எல்லாம். காலையில் பறக்கும் ரயிலில் லேடீஸ் பெட்டியில் நாலைந்து பேர் ஒன்றாகப் போவோம். சிலருடைய வீடு எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் நான் ஒருநாள் வரவில்லை என்றால் மறுநாள் "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். மாசக் கடைசியில் சம்பளம் ஏறியதாக எஸ்.எம்.எஸ். வரும். நான் அதை அழிப்பதே இல்லை. பழையதையும் சேர்த்துப் பார்ப்பேன். பெரிய தொகை ஒன்றும் இல்லை, ஆனாலும் பார்ப்பேன். தென்காசியில் விசாரித்ததில் இதே வேலைக்குப் பாதிச் சம்பளம் சொன்னார்கள். "உனக்கு எதுக்கு இனிமே வேலை, நிம்மதியா இருக்கலாமே" என்கிறார் இவர். அன்பாகத்தான் சொல்கிறார்.

அத்தை கெட்டவர் இல்லை. ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை. ஆனால் அங்கே லீவுக்குப் போனால் நான் எத்தனை மணிக்கு எழுந்தேன் என்பது எதிர்வீடு வரை தெரிந்துவிடும். நைட்டியோடு வாசல் பக்கம் போக முடியாது. நான் குளித்துவிட்டு வரும்வரை அடுப்பு பற்றவைக்காமல் காத்திருப்பார், அதையும் மரியாதையாகத்தான் செய்கிறார். பத்து நாள் என்றால் சமாளித்துவிடுவேன். காலம் பூரா என்றால்?

மகள் ஸ்கூல் கூடைப்பந்து டீமில் இருக்கிறாள். "நீங்க போங்க, நான் ஆதம்பாக்கம் பாட்டி வீட்டுல இருந்து படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அப்பாவோடு சரியாகப் பேசுவதில்லை.

வேண்டாம் என்றால் தாயிடமிருந்து மகனைப் பிரித்தவள் என்ற பேச்சு வரும். சரி என்றால் நான் என்ன ஆவேன் என்று பயமாக இருக்கிறது. எல்லாரும் தேடிப் போகிற அமைதி எனக்கு மட்டும் ஏன் வேண்டாததாக இருக்கிறது? நான் சுயநலக்காரியா மேடம்? இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

சுயநலமா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். ஒரு வீட்டில் நாலு பேர் இருக்கும்போது ஒருவருடைய விருப்பம் "குடும்பத்தின் நன்மை" என்றும் இன்னொருவருடைய விருப்பம் "சுயநலம்" என்றும் பெயர் வாங்குவது, யார் முதலில் வாயைத் திறந்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பெரும்பாலும் நடக்கிறது. உங்கள் வீட்டில் அவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. ஊருக்குப் போகும் பேச்சு, மாமனார் காரியம் முடிந்த சில வாரத்தில் தொடங்கியிருக்கிறது. மிக்ஜாம் தண்ணீரில் நின்றபோது அவர் இந்தப் பேச்சை எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. வாடகை ஏறியபோதும், பையனுக்கு வீசிங் வந்தபோதும் எடுத்ததாக எழுதவில்லை. ஆக, அவர் அடுக்கும் காரணங்கள் எல்லாம் உண்மை, ஆனால் அவை பின்னால் வந்து சேர்ந்துகொண்டவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்பா போன பிறகு அந்த வீட்டின் சாவியை யார் வைத்திருப்பது, கிணற்று மோட்டார் ரிப்பேரானால் யார் ஆள் கூப்பிடுவது, விளக்கு வைத்த பிறகு அம்மா யாரோடு பேசுவார் என்பதெல்லாம் ஒரு மகனைத் தூங்கவிடாது. நம் ஆண்கள் "எனக்கு அப்பா ஞாபகமாவே இருக்கு" என்று சொல்வதைவிட ஏசிக்கு ஆளைக் கூப்பிடுவதைச் சுலபமாகச் செய்வார்கள்.

துக்கத்தில் இருப்பவர்களுக்கு, வீடு, வேலை, நிலம் பற்றிய பெரிய முடிவுகளை முதல் வருடத்தில் எடுக்காமல் இருக்கச் சொல்வது எங்கள் மனநல ஆலோசனைத் தொழிலில் வழக்கம். நம் குடும்பங்களிலும் தலைத்திவசம் முடியும்வரை பெரிய காரியம் எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள். உங்களுக்கு அது வரும் ஆடியில். ஏப்ரல் அதற்கு முன்னால் வருகிறது. "வேண்டாம்" என்ற சொல்லுக்குப் பதிலாக "மாமா திவசம் முடியட்டும், அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்" என்பதை அத்தையும் மறுக்க மாட்டார், ஊரும் குறை சொல்லாது.

அதுவரை அத்தையைத் தனியாக விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கணவருக்கு முழுக்க வீட்டிலிருந்தே வேலை என்கிறீர்கள். மாதத்தில் பத்து நாள் அவர் அங்கிருந்து வேலை செய்யட்டும். இரவு பொதிகையில் ஏறினால் காலையில் செங்கோட்டை. அந்தப் பத்து நாளில் நீங்கள் இங்கே இரண்டு பிள்ளைகளோடு தனியாக மல்லாட வேண்டியிருக்கும், தெரியும். ஆனாலும் செய்து பாருங்கள். அவருடைய ஏக்கத்தில் எவ்வளவு அம்மாவுக்கானது, எவ்வளவு ஊருக்கானது, எவ்வளவு சென்னை மீதான வெறுப்பு என்பது சில மாதங்களில் அவருக்கே பிரிந்து தெரியும்.

இப்போது உங்கள் பக்கம். ஒரே வீட்டுக்கு இரண்டு பேரும் போகிறீர்கள், ஆனால் போகிற இடம் ஒன்றில்லை. அவர் தன்னோடு படித்தவர்கள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஊருக்குத் திரும்புகிறார். நீங்கள் புகுந்த வீட்டுக்குக் குடிபோகிறீர்கள். இங்கே நீங்கள் லேபில் ஒருத்தி, அம்மாவுக்கு மகள், ரயிலில் தேடப்படும் ஒரு முகம். அங்கே கொஞ்ச காலத்துக்காவது இன்னார் வீட்டு மருமகள் என்பது மட்டும்தான். அத்தை நல்லவராக இருப்பதால் இது மாறிவிடாது. சொல்லப்போனால் நல்ல மாமியாரிடம் எரிச்சலைக் காட்டவும் வழியில்லை.

அமெரிக்காவில் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967-இல், வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். துணை இறப்பதற்கு 100, நெருங்கிய உறவினர் இறப்புக்கு 63. வீடு மாறுவதற்கு வெறும் 20. இதைத்தான் "ஜாகை மாத்துறதெல்லாம் ஒரு விஷயமா" என்று நாமும் சொல்கிறோம். ஆனால் வீடு மாறுவது தனியாக வருவதில்லை. வாழும் சூழல் மாற 25, பள்ளி மாற 20, வேறு வகை வேலைக்குப் போக 36, பழகும் வட்டம் மாற 18 என்று கூடவே கூட்டிக்கொண்டு வருகிறது. துணைவரின் வீட்டாரோடு உரசல் என்று தனியாக ஒரு வரியே இருக்கிறது, அதற்கு 29! அமெரிக்காவிலும் அப்படித்தான் போலிருக்கிறது. இந்தப் பட்டியலை ஜாதகம் மாதிரி எடுத்துக்கொண்டு கூட்டிப் பார்த்து பயப்பட வேண்டாம். இருவரும் ஆளுக்கு ஒரு தாளில் தங்களுக்கு என்னென்ன மாறும் என்று எழுதிப் பாருங்கள். அவர் தாளில் அப்பாவின் இழப்பு இருக்கும், அதை நீங்கள் படிக்க வேண்டும். உங்கள் தாள் அவருடையதைவிட நீளமாக இருக்கும், அதை அவர் படிக்க வேண்டும்.

ஊர் அமைதியாக இருந்தால் மனசும் அமைதியாகிவிடும் என்ற கணக்கும் அவ்வளவு நேர் இல்லை. டேவிட் ஷ்கேட், டேனியல் கானிமன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் கடும் குளிர் அடிக்கும் மத்தியமேற்கு மாநிலங்களிலும், இதமான கலிபோர்னியாவிலும் படித்த மாணவர்களிடம் கேட்டார்கள். கலிபோர்னியாக்காரர்கள்தான் சந்தோஷமாக இருப்பார்கள் என்று இரண்டு பக்கமும் நினைத்தது. ஆனால் தங்கள் வாழ்க்கை தங்களுக்கு எவ்வளவு திருப்தி என்று கேட்டபோது, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சொல்லியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது வெயிலும் காற்றும்தான் கண்ணில் படும். கூட இருப்பவர்கள், வேலை, உறக்கம், கையில் இருக்கும் காசு இதெல்லாம் படாது. உங்கள் கணவருக்குக் குற்றாலச் சாரல் தெரிகிறது. உங்களுக்கு வாசல் தெரிகிறது. இரண்டு பேருமே ஊரின் ஒரு துண்டைத்தான் பார்க்கிறீர்கள், உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதனால் ஒரு தடவை முழுசாக இருந்து பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சீசனில் போகாதீர்கள், அப்போது யாருக்குத்தான் பிடிக்காது? மே மாத வெயிலில் லீவு போட்டுப் போங்கள், விருந்தாளியாக இருக்காதீர்கள். அவர் மாடியில் ஆபீஸ் வேலை பார்க்கட்டும். நீங்கள் தென்காசியில் இரண்டு மூன்று லேபுக்கு நேரில் போய்ப் பேசுங்கள். முடிந்தால் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை எடுத்துத் தங்குங்கள். நிரந்தரமாகப் போவதாக இருந்தாலும் என் யோசனை இதுதான்: அத்தைக்குக் கூப்பிடு தூரத்தில், ஆனால் தனி அடுப்பு. சொந்த வீடு இருக்கும்போது வாடகையா என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். சேர்ந்து இருந்து மூன்றாம் மாதம் முகம் தூக்குவதைவிட அந்த வாடகை மலிவு.

பையனின் வீசிங்குக்கு ஊர்க்காற்றே மருந்து என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சாரல் காலத்து ஈரமும் பழைய வீட்டுச் சுவரில் பிடிக்கும் பூஞ்சையும் சில குழந்தைகளுக்கு அதைக் கிளப்பிவிடும். அவனைப் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நெபுலைசர் வைக்க வேண்டி வந்தால் எங்கே போவது என்பதையும் மே மாதமே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் விஷயத்தில் தள்ளிப்போட இடம் குறைவு. சிபிஎஸ்இ-யில் ஒன்பதாம் வகுப்பிலேயே பெயரைப் பதிந்துவிடுவார்கள். பத்தாவதில் பள்ளி மாற்றுவது தக்க காரணமும் அனுமதியும் இல்லாமல் நடக்காது. ஆக, இந்த ஏப்ரலில் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பத்தாவது முடியட்டும் என்று விட வேண்டும். இரண்டில் பத்தாவது முடிவதையே நான் சொல்வேன். பதின்மூன்று வயதில் கூட்டாளிகளும் அந்தக் கூடைப்பந்து டீமும் பெரியவர்கள் நினைக்கிற மாதிரி பொழுதுபோக்கு இல்லை. பாட்டி வீட்டில் இருக்கிறேன் என்று அவள் சொல்வதை அடம் என்று தள்ளிவிடாதீர்கள், அவளுக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறாள். முடிவு உன் கையில் என்று பொய் சொல்ல வேண்டாம். உன்னைக் கேட்காமல் முடிவு செய்ய மாட்டோம் என்று சொல்லலாம். அதை அப்பா வாயால் சொல்ல வேண்டும்.

உங்கள் வேலையைப் பற்றி அவர் சொன்ன "நிம்மதியா இருக்கலாமே" என்பதை மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறேன். பாதிச் சம்பளம் என்றாலும் உங்கள் கணக்கில் ஏறும் சம்பளம். போவதாக முடிவானால், வேலை கையில் கிடைத்த பிறகுதான் இந்த வேலையை விடுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து நம்மில் ஒருவருக்கு ஒத்துவரவில்லை என்றால் திரும்பலாம் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். "திரும்பலாம்" என்ற பேச்சுக்கே அவர் இடம் தரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது நாம் பேச வேண்டியது வேறு விஷயமாக இருக்கும்.

கடிதத்தை அவரிடம் காட்டலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகக் காட்டுங்கள், ஆனால் என் பதிலை இரண்டு நாள் கழித்துக் கொடுங்கள். முதலில் உங்கள் கடிதத்தை மட்டும் அவர் படிக்கட்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகு கொடுத்துவிட்டு நீங்கள் வேறு அறைக்குப் போய்விடுங்கள். "உனக்கு இவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாதே" என்று அவர் வந்தால், உடனே ஊர் விஷயத்தைப் பேசாதீர்கள். மாமாவைப் பற்றிக் கேளுங்கள்.