ரைஸ்மில் ஊறல் தண்ணீர் வாய்க்காலில் விழுகிறதா?

வணக்கம் அண்ணே. மன்னார்குடிப் பக்கம் புழுங்கல் ஆலையின் ஊறல் தண்ணீர் உங்கள் பாசன வாய்க்காலில் விழுகிறது, கேட்டால் "நெல் ஊறின தண்ணிதானே, உரம்தான்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது உரம் இல்லை. நெல்லிலிருந்து இறங்கும் சர்க்கரையும் மாவும் அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன்: மடை ஓரம் டீ நிறத்தில் நுரை, புளித்த வாடை, விடிந்தால் கெண்டைக் குஞ்சுகள் வாய் பிளந்து மிதக்கும். மனசு ஆறவே இல்லை.

காவிரி டெல்டாவைப் பாதுகாக்க வந்த 2020 வேளாண் மண்டலச் சட்டம் இதற்கு உதவாது. அது எண்ணெய்க் கிணறு, தோல் தொழிற்சாலை போன்றவற்றைத்தான் தடுக்கிறது. நீங்கள் பிடிக்க வேண்டியது 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு; நீர்வழியில் மாசுக் கழிவை விடக்கூடாது என்பது அதுதான். "வாய்க்கால் காய்ந்துதானே கிடக்கிறது" என்பார்கள், விடாதீர்கள். வறண்ட நீர்வழியும் அந்தச் சட்டத்தில் அடக்கம்.

முதலில் நாலு பேராகப் போய் முதலாளியிடம் பேசுங்கள். சுத்திகரிப்புத் தொட்டி கட்டுவது அவர் பொறுப்பு, தயங்காமல் கேளுங்கள். மசியவில்லையா, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் மனு கொடுங்கள். ஆலைக்கு வாரியம் கொடுத்த அனுமதியான இசைவாணையின் நகலை ஆர்டிஐயில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், தேதியோடு போட்டோக்களை இப்போதே எடுத்துவிடுங்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் தடயமெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும்.