கணக்கு எழுத நான், கை தூக்க அவர்களா?

கேள்வி: ரப்பர் தோட்டம் கைமாறியதும் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிவந்த குடும்பம் எங்களுடையது. தோட்டத்து மாரியம்மனையும் கூடவே கொண்டுவந்துவிட்டோம். கிளார்க் வேலை பார்ப்பதால் கோயில் வரவுசெலவுக் கணக்கை என்னிடம் கொடுத்தார்கள். சில வருடமாக நான்தான் எழுதுகிறேன். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் அதை வாசிப்பார், ஆண்கள் கை தூக்கி ஏற்றுக்கொள்வார்கள். அந்த நேரம் நான் மண்டபத்துக்குப் பின்னால் சாம்பார் வாளியோடு நிற்பேன். போன தடவை துணிந்து உறுப்பினர் பாரம் (படிவம்) கேட்டேன். “வீட்டுக்காரர் மெம்பர்தானேம்மா, ஒரு குடும்பத்துக்கு ஒரு ஓட்டு” என்றார் தலைவர். மாமியாரோ, “ஓட்டு கீட்டுன்னு கிளம்புறதெல்லாம் வெள்ளைக்காரி வேலை, நமக்கெதுக்கு” என்கிறார். கணவர் வாயே திறப்பதில்லை. விட்டுவிடவா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: விடாதீர்கள், தங்கச்சி. உங்கள் மாமியாருக்கு முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறேன்.

அம்மா, இது வெள்ளைக்காரி வேலை மட்டும் இல்லை. ராசம்மா பூபாலன் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்களா தெரியாது. இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், பிறந்தது 1927-ல். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றபோது, பதினாறு வயதில் தன் சகோதரி பொன்னம்மாவோடு பெயர் கொடுத்தவர். டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் இயங்கிய, இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படை அது. வசதியான வீட்டுப் பெண்கள் மட்டும் அதில் சேரவில்லை. காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, பால் வெட்டி, வாளி தூக்கிய தோட்டத்துப் பெண்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். நம் பாட்டிமார்தான். துப்பாக்கி பிடிக்கக் கூப்பிட்டபோது அவர்களிடம் யாரும் “உன் வீட்டுக்காரர் வந்தால் போதும்” என்று சொல்லவில்லை.

ராசம்மாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சீருடைக் காலத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். படம் எடுப்பாக இருக்கும், அதனால்தான். எனக்கு அவர் வாழ்க்கையில் அதைவிடப் பெரிதாகத் தெரிவது பின்னால் வந்த பகுதி. சீருடையைக் கழற்றி, படித்து, ஆசிரியையாக வேலைக்குப் போனார். அங்கே என்ன நிலைமை? ஒரே தகுதி, ஒரே பாடம், ஒரே மணி அடித்தால் இருவரும் வகுப்புக்குப் போக வேண்டும். மாதக் கடைசியில் ஆசிரியருக்கு ஒரு சம்பளம், ஆசிரியைக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். போதாக்குறைக்கு, கல்யாணம் ஆகிவிட்டால் பெண்ணின் நிரந்தர வேலை தற்காலிக வேலையாகிவிடும். கேட்டால் வந்த பதில், ஆண்தானே குடும்பத்தைத் தாங்குகிறான், பெண்ணின் சம்பளம் உபரிதானே என்பது.

உங்கள் தலைவர் சொன்னதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடும்பம் என்றால் ஆண், பெண் அவனுக்குள் அடக்கம். சம்பளத்தில் ஓடிய அதே கணக்குதான் உங்கள் மண்டபத்தில் ஓட்டாக ஓடுகிறது. தோட்டத்திலும் இதுதான் நடந்தது. 1920களின் கடைசியில் பல வட்டாரங்களில் நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசை மிச்சம் பிடித்தது துரைமார். நம் கோயிலில் துரை கிடையாது, நாமேதான் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ராசம்மா மேடை ஏறிப் பொரிந்து தள்ளி வென்றவர் இல்லை (பேச்சிலும் கெட்டிக்காரர்தான்). 1960-ல் பெண் ஆசிரியர்களுக்கென்று தனித் தொழிற்சங்கம் அமைத்தார். பெண்களின் கோரிக்கை முதல் வரியாக நிற்க வேண்டுமானால் அதற்கென்று ஓர் அமைப்பு வேண்டும் அல்லவா? பதிவு, விதிகள், உறுப்பினர் பட்டியல், சந்தா, மனு, பேச்சுவார்த்தை என்று அலுப்புத் தட்டும் வேலைகள். அரசாங்க ஊழியத்தில் ஆண் பெண் இருவருக்கும் சம சம்பளம் என்பது 1969-ல் வந்தது. ஒன்பது வருடம், தங்கச்சி. அதில் எத்தனை மாமியார், எத்தனை கணவர், எத்தனை “இப்போ இது தேவையா” கடந்திருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1963-ல் பல இனப் பெண்கள் அமைப்புகளை ஒன்றாக்கிய தேசிய மகளிர் மன்றத்தை உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர். அந்த மன்றம் விடாமல் கேட்டவற்றில் ஒன்று திருமணச் சட்டம். 1976-ல் நிறைவேறி, 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் முஸ்லிம் அல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமானது, பதிவும் கட்டாயமானது. கோயிலில் தாலி கட்டிவிட்டு, நாலு வருடம் கழித்து வேறு தோட்டத்தில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்திய ஆண்களை உங்கள் மாமியார் கண்ணால் பார்த்திருப்பார். கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்.

ஓட்டைப் பொறுத்தவரை நம் நாட்டுப் பெண்கள் தனியாகப் போராட வேண்டியிருக்கவில்லை. 1955 ஜூலை 27 அன்று நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே குடியுரிமை இருந்த பெண்கள் ஆண்களோடு வாக்களித்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட 52 பேரில் ஒரே ஒரு பெண், ஹலிமாத்தோன் அப்துல் மஜித். ஆக, நாட்டையே ஆளப்போகிறவர்களைத் தேர்ந்தெடுக்க உங்களுக்குத் தனி ஓட்டு இருக்கிறது. தீமிதிக்கு எந்தக் கடையில் காய்கறி வாங்குவது என்று முடிவெடுக்க மட்டும் கணவரின் கை வேண்டியிருக்கிறது!

சரி, என்ன செய்வது?

முதலில் கோயிலின் சட்டவிதிப் புத்தகத்தைக் கையில் வாங்குங்கள். சங்கப் பதிவிலாகாவில் பதிந்த கோயில் என்றால் அது கட்டாயம் இருக்கும். செயலாளர் வீட்டு அலமாரியில் தூங்கும், அவ்வளவுதான். வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள், கடிதம் கொடுத்துக் கேளுங்கள். அதில் உறுப்பினர் தகுதி என்ற பகுதியை வரி வரியாகப் படியுங்கள். வயது, மதம், வட்டாரம் என்று மட்டும் போட்டிருந்தால், ‘ஒரு குடும்பத்துக்கு ஒரு ஓட்டு’ என்பது விதியே இல்லை, பழக்கம். பாரத்தை நிரப்பிச் சந்தாவைக் கட்டி ரசீது வாங்கிவிடலாம். ஒருவேளை உண்மையிலேயே அப்படி எழுதியிருந்தால் பொதுக்கூட்டத்தில் திருத்தத் தீர்மானம் கொண்டுவர வேண்டும். அது நிறைவேறினாலும் பதிவிலாகா ஒப்புதல் தந்த பிறகே செல்லும்.

அரசியலமைப்புச் சட்டத்தைக் காட்டி மிரட்டலாமே என்று யாராவது சொல்லித் தருவார்கள். 8-ஆவது பிரிவில் பாலினம் என்ற சொல்லை 2001-ல் சேர்த்தது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் அரசாங்கத்துக்கும் மக்களுக்கும் இடையிலான விவகாரத்துக்கு. கோயில் சங்கத்திடம் அதைத் தூக்கிக்கொண்டு போனால் எடுபடாது. உங்கள் ஆயுதம் அந்த விதிப் புத்தகம்தான்.

தனியாகப் போகாதீர்கள். நீங்கள் ஒருத்தி கேட்டால் ‘அந்தக் கணக்குப் பிள்ளைக்குத் திமிர்’ என்று முடித்துவிடுவார்கள். பூ கட்டுகிறவர், அன்னதானத்துக்கு அரிசி களைகிறவர், பால்குடத்துக்குப் பெயர் எழுதுகிறவர் என்று ஒரு பத்துப் பேரின் பாரம் ஒரே நாளில் மேசைக்கு வரட்டும். முதல் பாரத்தை உங்கள் மாமியாரிடம் நீட்டுங்கள். திட்டுவார், திட்டட்டும். சந்தாப் பணத்தை நானே கட்டுகிறேன் என்றும் சொல்லிப் பாருங்கள்.

கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டால் வழிக்கு வருவார்கள் என்று சில தோழிகள் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோபத்தில் போய்விட்டாள் என்ற பேச்சுத்தான் மிஞ்சும். இந்த வருடக் கணக்கையும் சுத்தமாக முடித்துக் கொடுங்கள். கடைசிப் பக்கத்தில் ‘தயாரித்தவர்’ என்று உங்கள் முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் இடுங்கள். வாசிக்கிறவர் அதையும் சேர்த்து வாசிக்கட்டும்.

இனி உங்கள் கணவர். அவர் பேச வேண்டாம், அதற்கு வாயில்லை என்பது தெரிந்துவிட்டது. ஆனால் இப்போதைக்கு ஓட்டு இருப்பது அவரிடம்தான், அவரைப் போன்ற மற்ற ஆண்களிடமும்தான். திருத்தம் நிறைவேற வேண்டுமானால் அவர்கள் கைதான் உயர வேண்டும். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நேராகவே கேளுங்கள்: “தூக்குவீங்களா, மாட்டீங்களா?” மழுப்பினால் மறுநாளும் கேளுங்கள். மற்றப் பெண்களும் அவரவர் வீட்டில் கேட்கட்டும். எத்தனை கை தேறும் என்று கூட்டத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தீர்மானத்தைக் கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்பு செயலாளரிடம் கொடுக்க வேண்டும் என்பதும் அந்தப் புத்தகத்திலேயே இருக்கும், தேதியைத் தவறவிடாதீர்கள். தோற்றாலும் பரவாயில்லை. ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று மினிட்டில் (கூட்டக் குறிப்பில்) எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள். அடுத்த வருடம் அந்த மினிட்டை வாசித்துத்தானே அவர்கள் கூட்டத்தையே தொடங்க வேண்டும்.